கருகிய பிளேட்டின் குற்றம்

கோவையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் என் டர்ட் பைக்கின் கிளட்ச்சைக் கழற்றிப் பழைய பேப்பர்மேல் வரிசையாக அடுக்கினார். கருகின வாசனை. ஃப்ரிக்‌ஷன் பிளேட்கள் கறுத்திருந்தன. அவற்றுக்கு நடுவே வரும் ஸ்டீல் பிளேட்களில் நீலம் பாரித்திருந்தது. "பிளேட் செட் மட்டும் வாங்கிட்டு வந்துடறேண்ணா" என்றேன். அவர் நிமிரவில்லை. "எது கருகியிருக்குன்னு பாத்துட்டீங்க. எதனால கருகுச்சுன்னு பாக்கலீங்களே தம்பி."

விஷயம் எளிமையானதுதான். ஸ்பிரிங்குகள் பிளேட்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கின்றன. லீவரை இழுத்தால் அந்தப் பிடி விலகும். ஸ்பிரிங் தளர்ந்தால் பிடி குறையும், பிளேட்கள் வழுக்கும், சூடாகும், கருகும். அவர் ஒரு ஸ்பிரிங்கை வெர்னியரில் அளந்து காட்டினார். மேனுவலில் போட்டிருந்த குறைந்தபட்ச நீளத்தைவிடக் கம்மி. பாஸ்கெட்டின் விரல்களிலும் பிளேட்கள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தது. லேசான பள்ளமென்றால் அரம் போட்டுச் சமப்படுத்தலாம். ஆழமாகிவிட்டால் பாஸ்கெட்டையே மாற்ற வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் புது பிளேட் மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரமே கருகும். அப்போது "டூப்ளிகேட் பிளேட் போல" என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணம் பைக் இல்லை. என் டீமில் ஒரே இருக்கையில் இரண்டு வருடத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். இரண்டாவது ஆளை அனுப்பியது நான் எழுதிய ரிப்போர்ட். 'அழுத்தம் தாங்கவில்லை' என்று எழுதியிருந்தேன். பொய் இல்லை. கருகிய பிளேட்டைப் பார்த்துக் கருகியிருக்கிறது என்று எழுதுவதும் பொய் இல்லைதானே.

நாம் குற்றம் சொல்லும் விதமே இதுதான் என்று தோன்றுகிறது. சேதம் எங்கே கண்ணுக்குத் தெரிகிறதோ, அங்கேயே தவறும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். தளர்ந்த ஸ்பிரிங் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அளந்தால்தான் தெரியும்.

இதற்கு ஒரு எதிர்க்கேள்வி உண்டு. எல்லாவற்றுக்கும் சூழல்தான் காரணமென்றால் யாருக்கும் பொறுப்பே இல்லையா? மனிதன் பிளேட் இல்லையே, அவனுக்கு வாய் இருக்கிறதே, "முடியல"ன்னு சொல்லியிருக்கலாமே? நியாயமான கேள்வி. ஆனால் அவர் சொன்னார். இரண்டு முறை சொன்னார். ரிப்போர்ட்டில் நான் அதை 'புகார் மனநிலை' என்று எழுதினேன். வாய் இருப்பது உதவ வேண்டுமென்றால் எதிரே காதும் இருக்க வேண்டும்.

மறுநாள் கடையில் ஸ்டிஃப் ஸ்பிரிங் செட்டும் இருந்தது. வழுக்காது, ஆனால் லீவர் கனமாகும். வாங்கலாமா என்று அண்ணனுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். அவர் வேறொன்று கேட்டார்: "வண்டி ஓட்டும்போது ரெண்டு விரல் எப்பவும் லீவர் மேலயேதான இருக்கு?"

ஆமாம். மேட்டில், மணலில், சும்மா போகும்போதும்கூட. முழுசா பிடிக்கவும் இல்லை, முழுசா விடவும் இல்லை. அந்தப் பாதிப் பிடியில்தான் பிளேட் வழுக்கிச் சூடானது. அந்தச் சூட்டில்தான் ஸ்பிரிங்கும் தளர்ந்தது. ஸ்பிரிங்கை முதல் காரணம் என்று நினைத்திருந்தேன். அதற்கும் முன்னால் என் கை இருந்தது. ஸ்டிஃப் ஸ்பிரிங் போட்டிருந்தால் இது கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த மனிதரையும் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். வேலையைக் கொடுப்பேன், முடிவெடுக்க விடமாட்டேன். ஒவ்வொரு மெயிலிலும் என் இரண்டு விரல் இருக்கும்.

பிளேட், ஸ்பிரிங், பாஸ்கெட் எல்லாம் சேர்த்து நினைத்ததைவிடப் பெரிய பில் வந்தது. புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்களை மாட்டுவதற்கு முன் எஞ்சின் ஆயிலில் ஊறப் போட்டார் அண்ணன். காய்ந்தபடி மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடுமாம். மூன்றாவதாக வந்தவருக்கு நான் அந்த அவகாசத்தைக்கூடக் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாமவரின் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டால் அவருக்குப் போன வேலை திரும்பாது. ஆனால் அந்த ரிப்போர்ட் இன்னும் ஃபைலில் இருக்கிறது. அதில் தவறு என்னுடையது என்று ஒரு வரி சேர்க்க என்னால் முடியும். திங்கட்கிழமை அதைத்தான் முதலில் செய்யப் போகிறேன்.