அற்புதக் கதையும் அறக்கேள்வியும்: இளையோருக்கு மதுரை மண்ணின் அறியப்படாத கதைகள்

நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்லும் கதையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்பது தத்துவத்திலும் சமயத்திலும் பழைய வழக்கு. பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில், தெய்வங்கள் தமக்குள் போரிடும் கதைகளைச் சிறுவர் காதில் போடக் கூடாது என்கிறார். கதைக்குள் வேறு பொருள் பொதிந்திருந்தாலும், அதைப் பிரித்தறியும் முதிர்ச்சி அந்த வயதில் இராது என்பது அவர் வாதம். 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகள் பற்றி உரையாற்றிய டோல்கீன் எதிர்த் தரப்பில் நிற்கிறார். நன்றாகப் படைக்கப்பட்ட கற்பனை உலகுக்குள் இருக்கும்வரை வாசகர் அதன் விதிகளை நம்புகிறார். அதனால் அவர் ஏமாற்றப்படுவதில்லை என்பது அவர் நிலை.

தமிழ் மரபு இந்த வழக்கை வேறு விதமாகத் தீர்த்தது. உரைநடையின் வகைகளைச் சொல்லும் தொல்காப்பியம், உண்மையோடு பொருந்தாத கற்பனைப் பேச்சையும் ஒரு வகையாகவே ஏற்கிறது. யானையும் குருவியும் நட்புக் கொண்டு ஓரிடத்துக்குப் போய் இன்னின்ன செய்தன என்று கட்டிச் சொல்லும் கதையை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார் உரையாசிரியர் பேராசிரியர். திருக்குறளின் வாய்மை அதிகாரமோ சொல்லின் தகுதியை அது விளைவிக்கும் நன்மை தீமையால் அளக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி இடம் மாறுகிறது. கதையில் வரும் அற்புதம் நடந்ததா என்பதைவிட, அது கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதே முக்கியமாகிறது. அறச்சிக்கலை மந்திரத்தால் முடித்துவைக்கும் அற்புதம் வெறும் வேடிக்கை. அறச்சிக்கலைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் அற்புதம் சிந்தனைக்குப் பயிற்சி. இளையோருக்கு நூல் தேர்ந்தெடுக்க இதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

இந்த அளவுகோலுக்கு மதுரையில் முதலில் நிற்பது திருவிளையாடற் புராணம். பரஞ்சோதி முனிவரின் நூல் மதுரைக் காண்டம், கூடற் காண்டம், திருவாலவாய்க் காண்டம் என்ற மூன்று பகுதிகளில் 64 படலங்களைக் கொண்டது. அதற்கு முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பி இதே திருவிளையாடல்களைப் பாடியிருந்தாலும் அந்த நூல் பொது வாசகரிடம் அதிகம் பழகவில்லை. பிட்டுக்கு மண் சுமந்ததும் தருமிக்குப் பொற்கிழி அளித்ததும் ஆவணித் திருவிழாவாலும் 1965இல் வந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தாலும் எல்லோருக்கும் தெரிந்தவை. மற்றப் படலங்கள் பல அந்த அளவுக்குத் தெரிந்தவை அல்ல.

அவற்றுள் முதலில் சொல்லத்தக்கது பழி அஞ்சின படலம். கைக்குழந்தையோடு வந்த அந்தணப் பெண் ஒருத்தி ஆலமரத்தடியில் இளைப்பாறுகிறாள். கணவன் தண்ணீர் கொண்டுவரப் போயிருக்கிறான். என்றோ மரத்தில் சிக்கிய அம்பு ஒன்று காற்றில் கழன்று அவள் மீது பாய, அவள் இறக்கிறாள். அந்தப் பக்கம் வில்லோடு நின்ற வேடன்மேல் பழி விழுகிறது. எவ்வளவு வருத்தினாலும் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை. அரசனுக்கு இரண்டு பக்கமும் அச்சம்: கொலையாளியை விட்டாலும் பழி, குற்றமற்றவனைக் கொன்றாலும் பழி. இறைவன் அருளால் அவனும் அந்தணனும் மாறுவேடத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே யமதூதர் இருவர் பேசிக்கொள்வது அவர்கள் காதில் விழுகிறது. ஆலமரத்து அம்பை விழவைத்தது போல, கட்டியிருக்கும் மாட்டை மிரளவைத்து மணமகன் உயிரைக் கொண்டுபோவதாகத் தூதர்கள் திட்டமிடுகிறார்கள். அப்படியே நடக்கிறது. வேடன் விடுதலை பெறுகிறான். இங்கே அற்புதம் இறந்தவளை எழுப்பவில்லை. சான்று இல்லாமல் தண்டிக்கலாமா, விபத்துக்கும் குற்றத்துக்கும் எல்லை எது என்ற கேள்விகளையே அது எழுப்புகிறது.

இளம் சிறுவருக்கு ஏற்றது நாரைக்கு முத்தி கொடுத்த படலம். முனிவர்கள் நீராடும் குளத்தில் வாழ வந்த நாரை, அவர்கள் மேனியில் பட்டுப் புரளும் மீன்களைத் தின்ன மனமில்லாமல் பசியோடு கிடக்கிறது. பிறகு மதுரைக்கு வந்து இறைவனை வணங்குகிறது. வரம் கேட்கும்போது தனக்கு முத்தியோடு நிற்காமல், பின்னால் வரும் நாரைகள் பாவம் செய்யாதிருக்கப் பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்றும் கேட்கிறது. ஆசையை அடக்குவதா, ஆசைப்படும் பொருளையே அகற்றுவதா, எது அறம் என்று பத்து வயதுப் பிள்ளைகளும் வாதாட இக்கதை இடம் தரும்.

இரண்டாவது நூல் மணிமேகலை. இதை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், உ.வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தார். காப்பியம் என்று பெயரளவில் அறிந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் அதற்குள் வான்வழிப் பயணமும் உருமாற்றமும் ஆளில்லாத் தீவும் கப்பல் உடைவும் கொண்ட முழுச் சாகசக் கதை இருப்பது இளையோருக்குச் சொல்லப்படுவதில்லை. நாயகிக்குக் கிடைக்கும் மந்திரங்கள் மூன்று: வேற்றுரு எடுப்பது, வானில் செல்வது, பசியைத் தாங்குவது. மூன்றையும் பெற்றவள் எதிரியை வெல்லவோ நாட்டைப் பிடிக்கவோ புறப்படுவதில்லை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு சிறைச்சாலைக்குப் போய்ப் பசித்தவர்க்குச் சோறிடுகிறாள், சிறை அறச்சாலையாகிறது.

அந்தப் பாத்திரத்தின் முன்கதை மதுரையில் நடப்பது. தாயால் கைவிடப்பட்டு, பசுவின் பாலால் உயிர் பிழைத்த ஆபுத்திரன், வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்துவிட்டதால் ஊரை விட்டு விரட்டப்படுகிறான். மதுரையில் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, வீடு வீடாகப் பிச்சை எடுத்து, பார்வையற்றோர், காது கேளாதோர், கால் இழந்தோர், ஆதரவற்றோர், நோயாளிகள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மிஞ்சியதை உண்கிறான். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைத் தருகிறாள். பின்னர் இந்திரன் மழையைப் பெய்வித்து நாட்டைச் செழிக்கவைக்க, பசித்தவரே இல்லாமல் போகிறார்கள். கொடுக்க ஆள் இல்லாத பாத்திரத்தோடு அவன் சாவக நாட்டுக்குக் கப்பலேறி, வழியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்படுகிறான். தன் ஒருவன் வயிற்றுக்கு அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்த விரும்பாமல் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். கொடையின் பெருமை கொடுப்பவனைச் சார்ந்ததா, பெறுபவனின் தேவையைச் சார்ந்ததா என்ற கேள்வி இதைவிடக் கூர்மையாக எழுவது அரிது.

அதே காப்பியத்தில் வரும் ஆதிரை என்பவளின் கணவன் சாதுவன் கதையும் அப்படித்தான். கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கும் அவன், மனிதரைத் தின்னும் அம்மக்களின் மொழியை அறிந்திருப்பதால் உயிர் தப்புகிறான். உடலை விட்டு உயிர் போகிறது என்பதற்கு என்ன அடையாளம் என்று நாகர் தலைவன் கேட்க, இருவருக்கும் தர்க்கம் நடக்கிறது. முழுத் துறவை அவர்கள்மேல் சுமத்தாமல், கரை ஒதுங்குவோரைக் கொல்லாதிருங்கள், மூத்துத் தானாக இறந்த விலங்கன்றி வேறு உயிரைக் கொல்லாதிருங்கள் என்று அவர்களால் இயன்ற அறத்தையே சாதுவன் சொல்கிறான்.

மூன்றாவது வகை சமண நூல்கள். இவற்றுக்கு மதுரையைச் சுற்றிய குன்றுகளே முன்னுரை. மதுரைமீது ஏவப்பட்ட யானையும் பாம்பும் மாயப்பசுவும் இறைவனால் வீழ்ந்து யானைமலை, நாகமலை, பசுமலை ஆயின என்கிறது திருவிளையாடற் புராணம். ஏவியவர்கள் சமணர்கள். ஆனால் ஒத்தக்கடையை ஒட்டிய அதே யானைமலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. மலையடியில் கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டுடன் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலும் உண்டு. கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் சமணச் சிற்பங்கள் உள்ளன. ஒரு சமயம் பிற சமயத்தைப் பகையாக்கிச் சொல்லும் கதையை இளையோருக்கு மறைப்பதில் பயனில்லை. அதைத் தனியாகக் கொடுப்பதும் நேர்மையாகாது. மறுதரப்பின் கதையையும் அருகில் வைப்பதே முறை.

அதற்கு நீலகேசி உதவும். சுடுகாட்டில் தவமிருக்கும் முனிவரை அச்சுறுத்த வந்த நீலி என்ற பேய்மகள், அவர் கலங்காமை கண்டு மாணாக்கியாகிறாள். பிறகு ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோரோடு வாதிடுகிறாள். பேய்க்கதையாகத் தொடங்கித் தத்துவ விவாதமாக வளரும் நூல் இது. இதுவும் மற்றச் சமயங்களைத் தோற்கடிக்கும் நூல்தான் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்று யசோதர காவியம். உயிர்ப்பலி கொடுக்க மறுக்கும் அரசன், தாயின் வற்புறுத்தலால் மாவினால் செய்த கோழியை வெட்டுகிறான். அதன் பயனாகத் தாயும் மகனும் மயில், நாய் எனப் பல பிறவிகள் எடுத்து உழல்கிறார்கள். கற்பனையில் செய்த கொலையும் கொலையாகுமா என்ற இவ்வினா, கதைகளில் வரும் வன்முறையைப் பற்றி இன்றைய வாசகர் கேட்பதற்கு வெகு அருகில் இருக்கிறது. அரசியின் பிறழ்ந்த உறவும் நஞ்சூட்டலும் வருவதால் இது மேல்நிலைப் பள்ளி வயதினருக்கே பொருந்தும்.

இக்கால நாவல்களிலும் இந்தத் தொடர்ச்சி உண்டு. ஜெயமோகனின் 'பனிமனிதன்' இமயத்தில் பனிமனிதனைத் தேடிப் போகும் பயணத்தின் ஊடே பௌத்தச் சிந்தனையை எளிய உரைநடையில் அறிமுகப்படுத்துகிறது. அவருடைய 'வெள்ளிநிலம்' திபெத்தின் பான் மதத்தின் பின்னணியில் அமைந்த துப்பறியும் சாகசம். மதுரைக்கு அருகிலேயே களம் கொண்டது உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற இந்நாவல், இன்றைய சிறுவனைப் பண்டைக் கீழடிச் சிறுவன் ஆதனோடு சந்திக்க வைக்கிறது. ஆதன் என்ற பெயர் கீழடி அகழாய்வில் கிடைத்த பானையோடுகளில் பொறிக்கப்பட்டிருப்பது. தெய்வ அற்புதத்தின் இடத்தில் இங்கே காலத்தைக் கடக்கும் கற்பனை வருகிறது. முன்னோர் யார், அவர்களோடு நமக்கு என்ன உறவு என்பது அது எழுப்பும் கேள்வி.

படிக்கும் வரிசையை வயதுக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். எட்டு முதல் பத்து வயதுக்கு நாரை, கரிக்குருவி போன்ற திருவிளையாடல்களை வாய்மொழியாகச் சொல்லலாம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் 'ஆதனின் பொம்மை', 'பனிமனிதன்'. அதன்பின் ஆபுத்திரன், சாதுவன் கதைகளை உரைநடையில் படித்துவிட்டு மணிமேகலையின் மூலத்துக்குப் போகலாம். பதினைந்துக்கு மேல் பழி அஞ்சின படலம், நீலகேசி, யசோதர காவியம். மூல நூல்கள் செய்யுளாக இருப்பதால் உரையோடு கூடிய பதிப்பைத் தேர்வது நல்லது. எந்த வயதிலும் கதையின் முடிவில் நீதியை எடுத்துச் சொல்லிவிடாமல் இருப்பது அவசியம். அரசன் வேறென்ன செய்திருக்கலாம், ஆபுத்திரன் உண்டிருந்தால் தவறா என்று கேட்டால் போதும். இக்கதைகள் அந்த விவாதத்தைத் தாங்கும் வலிமை உடையவை; அவற்றை இளையோருக்குப் பரிந்துரைக்க அதுவே காரணம்.