பார்க்கப் பழகும் காலம்

வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, முப்பது நாற்பது வயதுக்கு மேல் செஸ் பலகையின் முன் அக்கறையோடு உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் கேட்டுவிடுகிற கேள்வி இது: நன்றாக ஆட வருவதற்கு எத்தனை காலம் ஆகும்? காலத்தைக் கேட்பது போலத் தெரிந்தாலும், கேட்பவர் மனத்தில் இருப்பது வேறொரு கவலை. இந்த வயதுக்கு மேல் எனக்கு இது வருமா, போடுகிற உழைப்பு கடைசியில் வீணாகிவிடுமா என்ற கவலை. இதற்கு இரண்டு பதில்கள் தயாராகக் கிடைக்கின்றன. சரியான பயிற்சி இருந்தால் சில மாதங்களே போதும் என்பது ஒன்று. ஏழெட்டு வயதில் ஆரம்பிக்காதவர்களுக்கு இனி வழியே இல்லை என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்று நினைக்கிறேன். செஸ்ஸில் முன்னேற நீண்ட காலம் ஆகிறது, உண்மைதான். அங்கே சேர வேண்டியது வெறும் அறிவாக இருந்தால் சீக்கிரம் சேர்த்துவிடலாம். பழக வேண்டியது கண். கண் பழகும் காலத்தை நம் அவசரத்துக்குச் சுருக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்தை வீணடிக்காமல் இருக்க முடியும்.

முதலில் நாம் எதை வைத்து அளக்கிறோம் என்று பார்ப்போம். செஸ்ஸில் ஒருவரின் பலத்தை ரேட்டிங் என்ற எண்ணால் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ வகுத்த முறை அது. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த எண் தனியாக நின்று எதையும் சொல்லாது. இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே உள்ள தூரத்தைத்தான் அது காட்டும். வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி என்று வைத்தால், ரேட்டிங்கில் 200 அதிகம் உள்ளவர் 100 ஆட்டங்களில் ஏறக்குறைய 76 புள்ளி எடுப்பார் என்பது கணக்கு. இதை நமக்கே பொருத்திப் பார்க்கலாம். ஒரே வருடத்தில் 1400-இலிருந்து 1600-க்குப் போக ஆசைப்படுகிறவர், போன வருடத்துத் தன்னையே எதிரில் உட்காரவைத்து, நான்கில் மூன்று பங்கு புள்ளியைப் பறிக்க வேண்டும். சமையலிலோ பாட்டிலோ எழுத்திலோ போன வருடத்துத் தன்னை இவ்வளவு தெளிவாக மிஞ்சியவர்கள் எத்தனை பேர்? 200 புள்ளி என்று வாயால் சொல்வது சுலபம். அது ஓர் ஆளே மாறுவதற்குச் சமம்.

இந்த அளவுகோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. முப்பது ஆட்டங்களைக் கடந்துவிட்ட, வயது வந்த சாதாரண ஆட்டக்காரர் ஒருவர், தனக்குச் சமமானவரை வென்றால் ஃபிடே கணக்கில் 10 புள்ளி கூடும், தோற்றால் 10 குறையும். பத்து ஆட்டங்களில் ஏழில் வென்று மூன்றில் தோற்றால் 40 புள்ளி ஏற்றம். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினாலும், ஏழோ அதற்கு மேலோ ஒரே பக்கம் விழுவது சுமார் மூன்றில் ஒரு தடவை நடந்துவிடுகிறது. பலம் இம்மியும் மாறாதவருக்குக்கூட 40 புள்ளி ஏறலாம், இறங்கலாம். ஆகவே ஒரு மாதத்து ஏற்றத்தில் மகிழ்ந்துபோவதும், அடுத்த மாதத்து இறக்கத்தில் மனமுடைந்து பலகையை மூடிவைப்பதும், காற்றில் பயிர் அசைவதை வளர்ச்சி என்றும் வாட்டம் என்றும் எண்ணிக்கொள்வதற்கு ஒப்பானவை. பயிர் வளர்ந்ததா என்று பருவம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். செஸ்ஸில் அந்தப் பருவம் குறைந்தது ஓரிரு ஆண்டுகள்.

இவ்வளவு காலம் ஏன் ஆகிறது? நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியன் டி க்ரூட் 1946-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு கதவைத் திறந்தது. அவரே ஒலிம்பியாட்டில் தன் நாட்டுக்காக ஆடியவர். கிராண்ட்மாஸ்டர்கள் மற்றவர்களைவிட மிக அதிக நகர்த்தல்களை முன்கூட்டியே கணக்கிடுவார்கள் என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். ஆனால் நல்ல கிளப் ஆட்டக்காரரும் கிராண்ட்மாஸ்டரும் எவ்வளவு ஆழம் யோசிக்கிறார்கள் என்பதில் டி க்ரூட்டுக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது: யோசிக்கத் தகுந்த நகர்த்தல் கிராண்ட்மாஸ்டரின் கண்ணில் முதலிலேயே பட்டுவிடுகிறது. 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுக்கட்டத்தை ஐந்து நொடி காட்டி மறைத்துவிட்டு, வெற்றுப் பலகையில் அதை மறுபடி அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் ஏறக்குறைய பதினாறு காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். புதியவரால் நான்கைத்தான் வைக்க முடிந்தது. பிறகு அதே காய்களை ஒழுங்கில்லாமல் இறைத்துக் காட்டினார்கள். மாஸ்டரின் மேன்மை அநேகமாக மறைந்துபோனது. அவருடைய நினைவாற்றல் நம்முடையதைப் போன்றதுதான். நாம் இருபத்தைந்து தனித்தனிக் காய்களைப் பார்க்கும் இடத்தில், அவர் ஐந்தாறு பழகிய முகங்களைப் பார்க்கிறார்.

முகம் என்று சொன்னதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். கேஸ்லிங் செய்து ராஜா ஓரத்தில் பத்திரமாக நிற்கிறார். அவர் முன்னே மூன்று சிப்பாய்கள் இடம் பெயராமல் வரிசையாக நிற்கின்றன. கடைசி வரிசையை ஒரே ஒரு யானை காக்கிறது. எதிர்ப்பக்கத்தில் காவல் இல்லாத சிப்பாய் ஒன்று தெரிகிறது. யானையை எடுத்துக்கொண்டு போய் அதை வெட்டுகிறோம். எதிராளியின் யானை நம் கடைசி வரிசைக்கு இறங்குகிறது. செக். ராஜா முன்னால் போக முடியாது, அவருடைய சிப்பாய்களே வழியை அடைத்து நிற்கின்றன. ஆட்டம் முடிந்தது. இது முதல் புத்தகத்திலேயே சொல்லித் தரப்படும் பாடம். ஆட்டக்காரர்களில் இதை அறியாதவர் அரிது. அப்படியிருந்தும் பல வருடம் ஆடியவர்கள் இப்படித் தோற்கிறார்கள். கேட்டால் உடனே விளக்கிச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தச் சிப்பாயை வெட்டும் ஆசை எழுந்த நொடியில், கடைசி வரிசை அவர்கள் கண்ணில் இல்லை. தெரிந்திருப்பதற்கும் வேண்டிய நேரத்தில் தென்படுவதற்கும் நடுவே உள்ள இந்தத் தூரத்தைக் கடக்கத்தான் ஆண்டுகள் ஆகின்றன. செஸ்ஸில் மட்டும் இல்லை. கோபத்தில் பேசக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். கோபம் வந்த நொடியில் அது நினைவில் எழுவதற்கு அரை ஆயுள் தேவைப்படுகிறது.

இனி மணிக்கணக்குக்கு வருவோம். கியெர்மோ காம்பிதெல்லியும் ஃபெர்னாண்ட் கோபேயும் அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோது, மாஸ்டர் நிலையை எட்டியவர்கள் அதற்குச் செலவிட்டது சராசரியாக 11,000 மணி நேரம் என்று கண்டார்கள். ஒருவருக்கு 3,000 மணி நேரமே போதுமாக இருந்தது. மற்றொருவருக்கு 23,000-க்கும் மேல் ஆனது. வேலை முடிந்து வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு வருடத்துக்கு 250 மணி நேரம் சேரும். சராசரிக் கணக்குப்படி அவர் மாஸ்டராக 44 வருடம் ஆகும். மிக வேகமானவர் என்றாலும் 12 வருடம். இதை மறைப்பதில் பயன் இல்லை. பெரும்பாலான அமெச்சூர்கள் மாஸ்டர் ஆக மாட்டார்கள். ஆனால் நீல் சார்னஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் பயனுள்ள ஒன்றைச் சொல்கிறது. ஆட்டத் திறனோடு மிக நெருங்கிப் பொருந்தியது தனியாக உட்கார்ந்து செய்த ஊன்றிய படிப்பு. கிராண்ட்மாஸ்டர்கள் முதல் பத்து ஆண்டுகளில் அதற்குச் சுமார் 5,000 மணி நேரம் கொடுத்திருந்தார்கள். நடுத்தர ஆட்டக்காரர்கள் கொடுத்தது ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் வருகிறது. நடுத்தரத்தை எட்ட உதவிய படிப்பு, யாருடைய வாழ்க்கையிலும் இடம் கண்டுபிடித்துவிடக்கூடிய அளவு.

அப்படியானால் குழந்தைகள் மட்டும் எப்படி இவ்வளவு வேகமாக ஏறுகிறார்கள் என்று கேட்கலாம். சென்னையின் குகேஷ் ஏழு வயதில் ஆடக் கற்று, 2019 ஜனவரியில் பன்னிரண்டரை வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார்; 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியனும் ஆனார். ஐந்தாறு வருடத்தில் அவர் கடந்த தூரத்தை நாற்பது வயதுக்காரர் ஏன் கடக்க முடியவில்லை? இளமைக்கு உள்ள வலிமையை நான் மறுக்கவில்லை. அர்ஜென்டினா ஆய்விலும், பன்னிரண்டு வயதுக்குள் தீவிரமாக ஆடத் தொடங்கியவர்கள் சர்வதேச மாஸ்டர் ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகவே இருந்தது. ஆனாலும் குகேஷின் ஐந்தாறு வருடத்தை நம்முடைய ஐந்தாறு வருடத்தோடு ஒப்பிட முடியாது. நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளியை விட்டுவிட்டு, நல்ல பயிற்சியாளர்களோடும் இடைவிடாத போட்டிகளோடும் கழிந்த வருடங்கள் அவை. காலண்டரில் ஒரே நீளமாகத் தெரிந்தாலும், அவற்றுக்குள் இருக்கும் மணி நேரம் வேறு. திறமையின் பங்கும் உண்மைதான்; 3,000-த்துக்கும் 23,000-த்துக்கும் இடையே உள்ள தூரத்தை உழைப்பு ஒன்றால் விளக்கிவிட முடியாது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். பக்கத்து மேசைக்காரருக்கு எத்தனை வருடம் ஆனது என்பது, எனக்கு எத்தனை வருடம் ஆகும் என்பதைச் சொல்லாது.

குறுக்கு வழி இருக்கிறது என்பவர்களிடமும் சில சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் மைக்கேல் டி லா மாஸா, 1300 அளவில் இருந்து இரண்டே ஆண்டுகளில் 2000-ஐத் தாண்டினார். சுமார் ஆயிரம் தந்திரப் புதிர்களைத் திரும்பத் திரும்ப ஏழு சுற்று போட்டதே அவர் முறை. அது பொய் இல்லை, பெரிய சாதனை. ஆனால் அங்கே சுருங்கியது காலண்டர்தான்; உழைப்பு சுருங்கவில்லை. பல வருட மணி நேரத்தை அவர் இரண்டு வருடத்தில் அடைத்தார், அதற்குப் பிறகு போட்டிகளில் ஆடுவதையும் விட்டுவிட்டார். மறுபுறம், 2017-இல் மேக்ஸ் டாய்ட்ச் என்ற அமெரிக்க இளைஞர் ஒரே மாதப் பயிற்சியோடு ஹாம்பர்க் நகரில் அப்போதைய உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனுக்கு எதிரே உட்கார்ந்து 39 நகர்த்தல்களில் தோற்றார். ஒரு மாதத்தில் விதிகளையும் தொடக்க நகர்த்தல்களையும் மனத்தில் ஏற்றிவிடலாம். முகங்களை அடையாளம் காணும் கண் ஒரு மாதத்தில் வராது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஆடிக்கொண்டே இருந்தால் போதும் என்பது. அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்போம். அடி ஒரே இடத்தில் விழுந்தால்தான் நகரும். இரவெல்லாம் செல்போனில் மூன்று நிமிட ஆட்டமாக ஆயிரம் ஆடுகிறவர், தன் பழைய தவறுகளையே ஆயிரம் முறை ஒத்திகை பார்க்கிறார். எல்லாத் தவறையும் நொடியில் காட்டும் கம்ப்யூட்டர் இப்போது இலவசமாகவே கிடைக்கிறதே என்பார்கள். சரியான நகர்த்தல் எது என்று அது சொல்லும். அதை நான் ஏன் பார்க்கவில்லை என்பது அதற்குத் தெரியாது. தோற்ற ஆட்டத்தை எடுத்து, முதலில் கம்ப்யூட்டர் இல்லாமல், எந்த இடத்தில் என்ன நினைத்தேன், எதிராளியின் எந்த நகர்த்தலை எண்ணிப் பார்க்கவில்லை என்று கைப்பட எழுதுகிற ஒரு மணி நேரத்தில்தான் கண் பழகுகிறது. அது இனிமையான வேலை இல்லை. அதனால்தான் பெரும்பாலோர் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு இன்னொரு ஆட்டம் ஆடுகிறார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. மாஸ்டர் ஆகவே போவதில்லை என்றால் இவ்வளவு பாடு எதற்கு? நான் இதை மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் இது செஸ்ஸோடு நின்றுவிடுகிற கேள்வி இல்லை. நடு வயதில் வீணை கற்பவரிடமும், ஓய்வுக்குப் பிறகு ஒரு புது மொழியைப் படிப்பவரிடமும் இதையேதான் கேட்கிறோம். உச்சியைத் தொடாத உழைப்பு வீண் என்று ஒப்புக்கொண்டால், மனிதர்கள் செய்வதில் பெரும்பகுதியை வீண் என்று சொல்ல வேண்டிவரும். அமெச்சூருக்குக் கிடைப்பது பட்டம் இல்லைதான். ஆனால் தன் மனம் எப்படி வழுக்குகிறது என்பதைச் சாக்கு சொல்ல வழியில்லாத ஓர் இடத்தில் பார்க்கும் வாய்ப்பு அவருக்கும் முழுதாகவே கிடைக்கிறது. எத்தனை காலம் ஆகும் என்று கேட்பவருக்கு என் பதில் இது: சில நூறு புள்ளிகளுக்குச் சில ஆண்டுகள், அதுவும் தன் தோல்விகளைத் தானே படிக்கிறவராக இருந்தால். போட்டிகளில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. காவல் இல்லாத அந்தச் சிப்பாய் தெரிகிறது, யானையை நோக்கிக் கை நீள்கிறது, தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடுகிறது. கண் கடைசி வரிசைக்குத் திரும்புகிறது. ரேட்டிங் பட்டியலில் அந்த நொடி பதிவாகாது. ஆண்டுகள் வீணாகவில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.