ஒரே கூரையின் கீழ் இரண்டு காற்று

காளப்பநாயக்கன்பட்டியில் அம்மாவின் சமையற்கட்டுக்கு ஒரே ஒரு சன்னல். திறந்தால் கொல்லிமலை தெரியும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர், சித்திரைக்குள் அடுப்புக்கு மேலே பழையபடி கறுத்துவிடும். சிறுவயதில் அந்தக் கரியில் விரலால் என் பெயரை எழுதி அடி வாங்கியிருக்கிறேன்.

சென்ற பருவ விடுமுறையில் அந்தச் சமையற்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் இயற்பியல் துறையில் இருக்கும் தோழி கைப்பேசிக்கு ஒரு வரைபடத்தை அனுப்பினாள். வடதுருவத்திலிருந்து சுமார் 1200 கிலோமீட்டர் தொலைவில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நீ-ஆலசுண்ட் என்றொரு சிறு குடியிருப்பு. அங்கே காற்றில் எவ்வளவு கரித்துகள் இருந்தது என்பதைக் காட்டும் வரைபடம். ‘யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், காசு இல்லை’ என்று எழுதியிருந்தாள். சூழலியல் கருத்தரங்குக்கு நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “மனுசன் இல்லாத எடத்துல அளக்கறாங்களா?”

“ஆராய்ச்சி பண்றவங்க மட்டும் இருப்பாங்கம்மா.”

“சரி. இங்க அளந்தாங்களா கண்ணு?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தத் தூரத்து இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ-ஆலசுண்ட் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர். 1962-இல் நடந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுரங்கம் மூடப்பட்டது. பிறகு அது பல நாடுகளின் ஆராய்ச்சி ஊரானது. இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ நிலையம் 2008 ஜூலையில் அங்கே திறக்கப்பட்டது. கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் அதை நடத்துகிறது. 2016-இல் நம் வளிமண்டல ஆய்வுக்கூடம் ஒன்று குருவேபாடெட் என்ற கட்டடத்தில் அமைந்தது. அந்தப் பெயருக்குச் சுரங்கக் குளியல்கூடம் என்று பொருள். சுரங்கத்திலிருந்து வந்தவர்கள் உடம்புக் கரியைக் கழுவிய இடத்தில் இன்று காற்றின் கரியை அளக்கிறார்கள்.

ஊருக்கு மேலே செப்பலின் மலையில், கடல் மட்டத்திலிருந்து 474 மீட்டர் உயரத்தில், நார்வேயின் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அங்கும் பிற நிலையங்களிலும் எடுக்கப்படும் அளவுகள் ‘எபாஸ்’ என்ற பொதுத் தரவுத்தளத்தில் சேர்கின்றன. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நான் அதைத் திறக்க எந்தப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதமும் தேவைப்படவில்லை. நூலகத்தில் ஒரு பதிப்பைப் பார்க்க மூன்று கையெழுத்து வாங்கிய ஆய்வு மாணவியாக இருந்தவள் நான். அந்தத் திறந்த கதவின் அருமை எனக்குத் தெரியும்.

அது வெறும் வசதி அல்ல, அறம் சார்ந்த விஷயம். 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கோடு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஏறியது. அதனால்தான் கடலில் மூழ்கவிருக்கும் சின்னத் தீவு நாடுகள்கூடப் பெரிய நாடுகளின் முன் அதை விரித்துக்காட்டி நியாயம் கேட்க முடிந்தது. எண்ணைப் பூட்டி வைப்பவன், கேள்வியையும் சேர்த்தே பூட்டி வைக்கிறான்.

ஆனால் அம்மாவின் கேள்வி அடுப்பைப் பற்றியது. நம் அடுப்படியில் அளந்தார்களா?

அளந்திருக்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் மூச்சிழுக்கும் காற்றை அளந்தார். தமிழ்நாட்டில், சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் பணியாற்றும் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் நான்கு மாவட்டங்களின் கிராம வீடுகளில் அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். விறகும் சாணி வறட்டியும் எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்து நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை இருந்தது. அதைவிட என்னைத் தடுத்து நிறுத்தியது இன்னொரு கணக்கு. சமையலில் ஈடுபடாதவர்களின் ஒரு நாள் சராசரி சுமார் 90. சமைத்தவர்களின் சராசரி சுமார் 231.

இதை நான் பலமுறை திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒரே வீடு, ஒரே விறகு, ஒரே சோறு. ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு காற்று. காற்று எல்லோருக்கும் பொது என்று பள்ளியில் படித்தோம். அது பொது இல்லை. வேலைப் பிரிவினை காற்றையும் பிரித்துவைத்திருக்கிறது.

வீட்டுப் புகையால் உலகில் ஓராண்டில் சுமார் 32 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. அவ்வளவு பெரிய எண்ணை மனதில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு இருமல்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். “பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?” என்று கேட்டார்கள். அம்மா சிரித்துவிட்டாள். சீட்டில் ‘புகைப் பழக்கம் இல்லை’ என்று எழுதினார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளாகக் காலையும் மாலையும் அடுப்பு முன்னால் உட்கார்ந்தவளுக்குப் புகைப் பழக்கம் இல்லை! அந்தப் படிவத்தில் அடுப்புக்குக் கட்டம் இல்லை. நானும் அதைச் சொல்லவில்லை. முனைவர் பட்டம் பெற்ற எனக்குக்கூட அப்போது அது சொல்லத் தக்க செய்தியாகத் தோன்றவில்லை.

இந்த மலையில் ஒரு பாவை உண்டு என்று சங்கப் புலவர்கள் பாடினார்கள். காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் அழகு குலையாத கொல்லிப்பாவை. அந்தப் பாடல்களை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். எந்தக் காற்றும் தொட முடியாத பெண்ணை வியக்கக் கற்றுக்கொடுத்த கல்வி, காற்றால் தேய்ந்துகொண்டிருந்த பெண்ணை எனக்குக் காட்டவில்லை.

அப்படியானால் தீர்வு எளிது என்று நினைத்தேன். எல்லா அடுப்படியையும் அளக்க வேண்டும், எல்லா எண்ணையும் திறந்து வைக்க வேண்டும். இயற்பியல் தோழியிடம் கையடக்க அளவுக் கருவி ஒன்று இருந்தது. வாங்கி வந்து அம்மாவின் அடுப்பருகே வைத்தேன். மரவள்ளிக் குச்சியும் தென்னைமட்டையும் பற்றியதும் எண் மூன்று இலக்கத்தில் ஏறி நின்றது. அப்பா நாளிதழ் படிக்கும் திண்ணைக்குக் கொண்டுபோனேன். இரண்டு இலக்கத்துக்கு இறங்கியது. யார் வேண்டுமானாலும் தன் ஊர்க் காற்றைப் பதியக்கூடிய இணைய வரைபடங்கள் இருக்கின்றன. காளப்பநாயக்கன்பட்டிக்கு ஒரு புள்ளி வைத்துவிடலாம் என்று சொன்னேன்.

அம்மாவின் முகம் மாறியது. “என் சமையக்கட்ட ஊருக்குக் காட்டுவியா? பொகையடிச்ச வீடுன்னு எழுதுவியா? கேஸ் குடுத்தும் வெறகு எரிக்கறான்னு என்னையல்ல சொல்லுவாங்க.”

அவள் சொன்னதைப் படிக்காதவளின் வெட்கம் என்று தள்ளிவிட முடியாது. 1991-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுப்பிய கேள்வியும் ஏறக்குறைய இதுதான். பிழைப்புக்காக எழும் வாயுவையும் சொகுசுக்காக எழும் வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்டார்கள். கரித்துகள் பனியில் படிந்தால் அது வெயிலை உறிஞ்சி வேகமாக உருகும் என்பது உண்மை. ஆர்க்டிக்கில் தரைமட்டத்தில் சேரும் கரியில் பெரும்பங்கு வடக்கு நாடுகளிலிருந்தே வருகிறது என்பதும் உண்மை. ஆனாலும் உலகக் கரிக் கணக்கில் ‘தெற்காசிய அடுப்புகள்’ என்று ஒரு தலைப்பு வந்துவிடுகிறது. அந்தத் தலைப்பின் கீழ் இருப்பது என் அம்மா. அவள் பாதிக்கப்பட்டவளாக எந்தப் படிவத்திலும் இல்லை. குற்றப்பட்டியலில் மட்டும் இடம் கிடைத்திருக்கிறது.

சமையல் எரிவாயு இணைப்பு வீட்டில் இருக்கிறது. 2016-இல் உஜ்வாலா திட்டம் தொடங்கியபோது, இணைப்புக் கொடுத்தால் புகை தீர்ந்துவிடும் என்றார்கள். அம்மா சிலிண்டரை விருந்தாளி வந்தால், அவசரம் என்றால், மழையில் விறகு நனைந்தால் எடுப்பாள். அப்பாவின் குளியல் வெந்நீரும் மாட்டுக்குக் கஞ்சியும் விறகில்தான். விலை ஒரு காரணம். அவள் மூச்சுக்கு வீட்டுக் கணக்கில் விலை போடப்படாதது இன்னொரு காரணம். இதை எந்தக் கருவி அளக்கும்?

இன்னொரு தடையும் இருந்தது. தோழி சொன்னாள்: இந்தச் சிறிய கருவியை நம்பகமான கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் எண்ணை வெளியிடக் கூடாது. அப்போது எனக்கு அன்னா மாணி நினைவுக்கு வந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்தது. 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, சுமார் நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தினார். தவறான அளவைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. தன்னைத் தவறாக அளந்த உலகத்தில், வெயிலையும் காற்றையும் ஓசோனையும் சரியாக அளக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க நின்ற பெண்.

துருவக் காற்றுக்கு வீடு இல்லை. அதைத் திறந்து வைத்தால் யாருடைய கதவும் திறக்காது. அடுப்படிக் காற்றுக்கு ஒரு பெண் இருக்கிறாள். அவள் வீடு, வறுமை, பக்கத்து வீட்டாரின் பேச்சு எல்லாம் அந்த எண்ணோடு வருகின்றன. அதனால் அளக்காமல் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அளக்காமல் விட்டதால்தான் ‘புகைப் பழக்கம் இல்லை’ என்று எழுதினார்கள். நான் கேட்பது வரிசையைப் பற்றி. எண் முதலில் யாரிடம் போக வேண்டும்? மூச்சு யாருடையதோ அவளிடம், அவள் மொழியில், இது உன் குற்றமல்ல என்ற விளக்கத்தோடு. பிறகு அவள் சம்மதத்தோடு, வீட்டு அடையாளம் இல்லாமல், மற்ற எல்லோருக்கும். உலகத்துக்குத் திறந்து, அளக்கப்பட்டவளுக்கு மட்டும் மூடிக்கிடக்கும் தரவைத் திறந்த தரவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பே 90, 231 என்ற எண்கள் ஆங்கிலத்தில் அச்சாகிவிட்டன. அம்மாவுக்கு அவை வந்து சேரவில்லை. அவற்றை அவளிடம் கொண்டுசேர்க்கும் வேலை விஞ்ஞானிகளுடையது மட்டுமல்ல, தமிழ் படித்த என்னைப் போன்றவர்களுடையதும்தான்.

வரைபடத்தில் புள்ளி வைக்கவில்லை. அன்று மாலை திண்ணையில் நான்கைந்து பெண்களிடம் அந்த இரண்டு எண்களையும் சொன்னேன். சமைக்கிறவளுக்கு இவ்வளவு, சமைக்காதவர்களுக்கு இவ்வளவு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பக்கத்து வீட்டு அக்கா, “நாளைக்கு எங்கூட்டுக்கும் அந்தப் பொட்டியக் கொண்டா” என்றார். அம்மா என்னைப் பார்த்து, “எண்ண எழுதிக்க கண்ணு. வீட்ட எழுதாத” என்றாள். அவள் அனுமதித்த அளவுக்குத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலை அவள் அப்பாவிடம், “ஏனுங்க, வெந்நி வேணும்னா நீங்களே வெச்சுக்கங்க” என்றாள். அப்பா இரண்டு நாள் வைத்தார். மூன்றாம் நாள் அடுப்பை ஊதும்போது அவருக்கு இருமல் வந்தது. அன்று இரவு, எங்கள் வீட்டில் முதன்முறையாக, ஹீட்டர் வாங்குவதைப் பற்றிப் பேச்சு எழுந்தது.