நாலரை மணி நேரம்

நண்பர் ஒருவர். சொந்த ஊர் கள்ளக்குறிச்சி, பிழைப்பு சிங்கப்பூரில். "எப்ப ஊர்ப்பக்கம் வர்றீங்க?" என்று கேட்டால், பதினோரு வருஷமும் ஒரே பதில்தான். "இதோ இருக்கு சிங்கப்பூர்! நாலரை மணி நேரம். நினைச்சா வந்துடுவேன்."

கணக்கில் தப்பில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் நாலேகால், நாலரை மணி நேரம். அவர்கள் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால், அங்கே காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் இங்கே பதினொன்று வாக்கில் மீனம்பாக்கம். மிச்சம் 250 கிலோமீட்டர்தான் கள்ளக்குறிச்சிக்கு. பஸ்ஸில் அதற்கு விமானத்தைவிட அதிக நேரம் ஆகும் என்பது நம்ம ஊர் விசேஷம்! 'ரஜூலா' கப்பல் ஓடிய காலத்தில் இதே சிங்கப்பூர் நாள் கணக்கில் கடல் பயணம். தேதி குறித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

போன வருஷம் நண்பரின் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. செவ்வாய்க்கிழமை தகவல் போயிற்று. ஒரு மீட்டிங் முடியட்டும் என்று இருந்தவர், வெள்ளிக்கிழமை விமானம் ஏறினார். வியாழன் ராத்திரியே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியம் முடிந்ததும், மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று அவரைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலை போகிற பஸ். (2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும், மலைக்காரர்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் விழுப்புரத்திலிருந்து பக்கத்தில் வந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸுக்கு மலை பக்கத்தில் வந்ததா என்பது வேறு கேள்வி.)

பக்கத்து சீட்டில் ஒரு மலைக்காரப் பாட்டி. மடியில் மஞ்சள் பை, பேரப்பிள்ளைகளுக்கு முறுக்கு. மகளைப் பார்க்கப் போகிறாராம். பஸ்ஸைவிட்டு இறங்கி மூணு மணி நேரம் நடக்கணும்.

"மாசம் ஒருக்கா போயிடுவேன் தம்பி. தூரமாச்சே, நாள் குறிச்சு வெச்சுக்கலைன்னா போகவே முடியாது. உங்களுக்கு எந்த ஊரு?"

"சிங்கப்பூர் பாட்டி. நாலரை மணி..." பழக்கதோஷத்தில் ஆரம்பித்த நண்பர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அட, கிட்டத்துலதான் இருக்கு" என்றார் பாட்டி, வெகு சாதாரணமாக.

விமானக் கம்பெனிகள் பயண நேரத்தை எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் தெரியுமா? சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகர்கிற நிமிஷத்திலிருந்து, போன ஊரில் மறுபடி நிறுத்துகிற நிமிஷம் வரை. 'பிளாக் டைம்' என்று பெயர். கிளம்ப மனசு வருகிற வரை கழிகிற நேரம் எந்த அட்டவணையிலும் ஏறாது. நண்பருக்கு அது மூணு நாள்.

அவர் கெட்ட பிள்ளை இல்லை. மாசம் தவறாமல் பணம், தினமும் போன். தூரம் என்று நினைத்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பார். பக்கம் என்று நம்பினதுதான் அவரைத் தாமதிக்க வைத்தது. நீங்களே யோசித்துப் பாருங்கள்... உங்கள் ஊரிலேயே, ரெண்டு பஸ் மாறினால் போய்விடக்கூடிய சித்தப்பாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பாட்டி இறங்கி, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் நடக்க ஆரம்பித்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்த நண்பர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க அம்மா திருச்சியிலதானே இருக்காங்க?"

"ஆமா" என்றேன். "பக்கம்தான்."