மறைப்பதும் அருள்தான்

சைவ சித்தாந்தம் சிவனுக்கு ஐந்து தொழில் சொல்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் நான்கும் எளிதில் விளங்கும், மறைத்தல்தான் இடறும். உண்மையை உயிரிடமிருந்து ஒளிப்பது எப்படித் தெய்வச் செயலாகும்? உயிர் தன் வினைகளை நுகர்ந்து பக்குவப்படும்வரை அந்த மறைப்பும் அருளே என்பது சித்தாந்தத்தின் விடை. யாருக்கு, எப்போது திரையை விலக்குவது என்று அறிந்த ஒருவன் பின்னால் இருப்பதால் அது வஞ்சனை ஆவதில்லை. நாகர்கோவிலில் உட்கார்ந்து இணையதளத்துக்கு நிரல் எழுதுகிறவர் முன்னும் இதே கேள்வி நிற்கிறது.

ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு, 4071 என்று முடியும் இணைய முகவரியில் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி இலக்கத்தை 2 ஆக்கினால் அடுத்தவருடைய முடிவு வந்து நிற்கும். அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத் தளத்தில் சுமார் 88.5 கோடி ஆவணங்கள் இப்படித் திறந்து கிடந்தது 2019-இல் தெரியவந்தது. எண்ணைப் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றினால் தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். தீராது. கேட்பவர் யார், இதைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணை இல்லாத மறைப்பு கண்கட்டு வித்தை. விசாரணை இருந்தால் மறைப்பு எதற்கு என்று கேட்கலாம். கதவு திறக்காவிட்டாலும் எண் பேசும். இரண்டாம் உலகப் போரில், கைப்பற்றிய ஜெர்மானிய டாங்கிகளின் வரிசை எண்களை வைத்தே மொத்த உற்பத்தியை நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் கணித்தார்கள். ஆகவே இரண்டும் வேண்டும், அதுவும் ஒரே இடத்தில். எண்ணை மறைக்க, மீட்க, உரிமையைச் சரிபார்க்க என்று ஒருமுறை எழுதிய ஃபங்ஷன்களையே எல்லாப் பக்கங்களும் அழைக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் நகலெடுத்து ஒட்டினால் எங்கோ ஒன்று விட்டுப்போகும். அந்தப் பக்கத்தில் இருப்பவரின் மானம்தான் போகும். சுத்தமான நிரலை நான் அறத்தின் கணக்கில் சேர்ப்பது இதனால்தான்.

தப்புச் செய்யாதவருக்கு ஒளிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வியைக் குமரி மாவட்டத்தில் யாரும் கேட்கக் கூடாது. தோள்சீலை அணிய 1822 முதல் போராடிய நாடார் பெண்கள் என்ன தப்புச் செய்தார்கள்? 1859 ஜூலை 26-ஆம் தேதித் திருவிதாங்கூர் அறிவிப்பு மேலாடைக்கு இசைந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. தன்னை மறைத்துக்கொள்ளும் உரிமையை அவர்கள் தெருவில் நின்று கேட்டு வாங்கினார்கள். பதிவேட்டில் எண்ணாகக் கிடக்கும் நோயாளிக்குத் தன் ஆவணத்தின் இணைய முகவரி எப்படி அமைந்திருக்கிறது என்பதே தெரியாது. அவருக்காக அந்த உரிமையைக் கேட்க வேண்டியவர் நிரல் எழுதுகிறவர்தான்.