பீரங்கி எழுப்பிய ஊர்

மன்னார்புரத்திலிருந்து சத்திரம் போகும் பஸ்ஸில் மெயின்கார்டு கேட்டைப் பார்க்கலாம். பழைய திருச்சிக் கோட்டை மதிலின் மேற்கு வாசல் அது.

அந்தக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் போரிட்ட காலம். 1753 நவம்பர் 28, பொழுது விடியாத நேரம். மழைக்காலம் என்பதால் தளபதி லாரன்ஸின் ஆங்கிலப் படை நகருக்கு வெளியே கோவிலடியில் தங்கியிருந்தது. நகரில் சிறு காவல்படைதான். ஸ்ரீரங்கத்தில் முகாமிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி மெயின்வில் அந்தத் தருணத்தைச் சரியாகவே கணித்தார். சுமார் 600 பிரெஞ்சு வீரர்கள் ஏணி வைத்து ஏறி, வடமேற்கிலிருந்த டால்டன் பீரங்கி மேடையைச் சத்தமின்றிப் பிடித்தார்கள்.

சுடக் கூடாது என்பது கட்டளை. வெற்றிக் களிப்பில் அதை மறந்து, பிடித்த பீரங்கிகளையே ஊர்ப்பக்கம் திருப்பி முழக்கினார்கள்.

காவல்படை விழித்துக்கொண்டது. லெப்டினன்ட் ஹாரிசன் ஆட்களை விரைந்து திரட்டினார். இறங்க வழியின்றி 300 பிரெஞ்சுக்காரர்களுக்கு மேல் பிடிபட்டார்கள். அந்தப் போரில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இது பேரிழப்பு.