ஏளனத்தால் அசையாத உள்ளம்



பசியையும் நோயையும் பொறுத்துக்கொள்ளும் மனிதன், நாலுபேர் நடுவில் தன்னைப் பார்த்துச் சிரித்தால் உடைந்து போகிறான். இடம்பெயர்ந்து வெறுங்கையோடு ஊர் திரும்பியவரையும், பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்ணையும், பரீட்சையில் தவறிய மாணவனையும் ஊர்வாய் விட்டுவைப்பதில்லை. மனம் நொந்து கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. இவர்களுக்கு நம் பெரியோர் காட்டிய வழி என்ன?

யாழ்ப்பாணம் நல்லூரிலே செல்லப்பா சுவாமிகள் என்னும் மகான் வாழ்ந்தார். கச்சேரி உத்தியோகத்தை விட்டு, கந்தசுவாமி கோயில் தேரடியிலே கந்தைத் துணியோடு இருந்தார். தமக்குத் தாமே பேசுவார். கிட்ட வருபவர்களை ஏசித் துரத்துவார். ஊரார் அவரை விசரன் என்றே சொன்னார்கள். தாம் விசரன் அல்லர் என்று காட்ட அவர் ஒருநாளும் முயலவில்லை. பொல்லாப்பு என்று ஒன்றுமே இல்லை என்பது அவர் உபதேசம்.

1905ஆம் ஆண்டளவில், கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த ஒருவர் அத்தேரடிப் பக்கம் வந்தார். நீ யார் என்று சுவாமிகள் உரத்து அதட்டினார். வீதியில் போனவர்களுக்கு அது விசர்க்கூச்சல். வந்தவருக்கோ அதுவே குருவாக்காயிற்று. உத்தியோகத்தைத் துறந்து அவரையே குருவாகக் கொண்டார். அவர்தான் கொழும்புத்துறையில் இருந்து, 1964இல் சமாதியடையும்வரை அடியார்களுக்கு வழிகாட்டிய யோகர் சுவாமிகள்.

அந்தக் கேள்வியிலேதான் நமக்கு வேண்டிய பலம் இருக்கிறது. பிறர் சொல்வதே தான் என்று நம்புகிறவன் புகழ்ந்தால் பூரிப்பான், இகழ்ந்தால் ஒடுங்குவான். தன்னுள்ளே சிவம் இருப்பதை உணர்ந்தவனிடம் ஊர்ப்பேச்சு வாசலோடு நின்றுவிடும்.

நம் திருக்கோணமலையே இதற்குச் சாட்சி. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களால் கோட்டை கட்டினார்கள். மூர்த்தங்கள் மண்ணுக்குள் மறைந்தன. 1950இல் கிணறு தோண்டியபோது அவை வெளிப்பட்டன. 1963இல் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மண் மூடிக் கிடந்தும் மூர்த்தத்தின் மகிமை குறைந்ததா? இகழ்ச்சியும் அந்த மண்ணைப் போன்றதே.

ஆகையால், யாராவது இகழ்ந்தால் உடனே மறுமொழி சொல்லாதீர்கள். திருநீறு தரித்து, ஐந்தெழுத்தை மனத்துள் ஓதுங்கள். அநியாயத்தைக் கண்டும் வாய்மூடி இருக்கச் சொல்லவில்லை. சினம் அடங்கியபின் நிதானமாகச் சொல்லுங்கள். அச்சொல்லுக்கே மதிப்பு உண்டு.

சிரிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்லூர்த் தேரடியில் ஊர் இகழ்ந்தவர் ஒரு ஞானி. நாம் இகழ்கிறவர் யாரென்று நமக்குத் தெரியுமா? இம்முறை திருவிழாவுக்கு வராமல் ஒதுங்கியிருப்பவரை வீடு தேடிச் சென்று அழைத்து வாருங்கள். அதுவும் சிவத்தொண்டே.

மாதுமையாள் சமேத கோணேசப் பெருமான் எல்லோருக்கும் மனத்திடம் தந்து அருள்வாராக.

சுபம்.